நாலாவது கை

பீல் நகரத்து பஸ்
ஒவ்வொரு தரிப்பையும் இரண்டுமுறை சொல்லும்,
ஜெர்மனில் ஒருக்கால், பிரெஞ்சில் ஒருக்கால்.
இவர் மூன்றாம்முறை தமிழில் சொல்வார்:
"புகையிரத நிலையம், இறங்கும்."
பழைய பகிடி.
டாக்டர் கேட்டுவிட்டு,
இதுவும் பயிற்சிதான், விடவேண்டாம் என்றார்.

செவ்வாய் பின்னேரம் மண்டபத்தில்
ஒற்றைக்காலில் நின்று பந்தெறிய வேண்டும்,
எறியும்போது அவரவர் பாஷையில் ஒரு மரக்கறி.
"பயிற்றங்காய்" என்றார். "பூசணி" என்றார்.
பந்து திரும்பி வந்தது.
"விளைமீன்."
பயிற்சிக்காரி கைதட்டினாள்.
அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும்
அது எந்தத் தோட்டத்திலும் காய்க்காதென்று.
நானும் தட்டினேன்.

ஆற்றோரமாக ஏரிமட்டும் நடை, தூறலிலும்.
நூறிலிருந்து ஏழேழாகக் கழித்தபடி.
தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு,
எழுபத்தொன்பதில் ஒரு பாலம் வரும்.
அதில் நின்று வாத்துகளைப் பார்ப்பார்.
மிச்சத்தை நான் கழிப்பேன்.

மாத்திரைப் பெட்டிக்குள் ஒருநாள்
இஸ்பேட் ஏழு கிடந்தது.
குணமாகும் என்று ஒருவரும் சொல்லவில்லை.
மெதுவாகும் என்றார்கள்.
மெதுவாகட்டும்.

சனிக்கிழமை முந்நூற்று நாலு.
முப்பது வருடமாக எங்கள் குசினி மேசையில்
நாலு ஆம்பிளைகள், நாலு கை.
எனக்குத் தேத்தண்ணீர்க் கேத்தில்.
குலவீரசிங்கம் மகளோடு லூசேர்ன் போனபிறகு
ஒரு கதிரை சும்மா நின்றது.
"இரும்" என்றார் என்னை.

ஜாக்கி முப்பது, ஒன்பது இருபது,
ஆஸ் பதினொன்று, பத்துக்குப் பத்து.
ராசாவுக்கு மூன்றுதான், ராணிக்கு இரண்டு.
"பாத்தீரே, ராசாவை ஒரு ஒன்பது அடிக்கும்!"
போன சனி சொன்னதை
இந்தச் சனியும் முதன்முறையாகச் சொன்னார்.
நானும் முதன்முறையாகவே கேட்டேன்.
ஆறேழு முதன்முறைகளில்
எனக்கு விளையாட்டு பிடிபட்டுவிட்டது.

நேற்று அவர் இறக்கிய ஆஸை
துரும்பு ஒன்பதால் வெட்டினேன்.
சீட்டுகளுக்கு மேலால் என்னைப் பார்த்தார்,
பஸ்ஸில் பக்கத்து இருக்கையைப் பார்ப்பதுபோல.
"ஆர் உமக்கு இது பழக்கினது?"

பஞ்சலிங்கம் அண்ணர் தன் கைச்சீட்டுக்குள் குனிந்தார்.
"தெரிஞ்ச ஒருத்தர்" என்றேன்.

"கெட்டிக்காரன்தான்," என்றார்.
"ஆனா எண்ணப் பழக்கேல்லை.
இன்னும் ஒரு துரும்பு வெளியிலை நிக்குது."

நின்றது.
ஜாக்கி. அவர் கையில்.