ஏழு மில்லிமீட்டர்

பல் கட்டும் பட்டறையில் எனக்கு வேலை.
அரை மில்லிமீட்டர் உயர்ந்தால்
இந்த ஔடனார்டே ஊரில் யாரோ ஒருவருக்கு
வாய் மூடாது,
கடைவாயில் சூப் ஒழுகும்.
அதனால்தான் லீவன்,
"ஏழு மில்லிமீட்டரில் என்ன வந்துவிடப் போகிறது"
என்றபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவன் டயர் இருபத்து மூன்று.
எட்டு பார் காற்று.
அழுத்திப் பார்த்தால் அமுங்குவது கட்டைவிரல்தான்.
சுண்டினால் பாத்திரம் போலச் சத்தம் வரும்,
அதில் அவனுக்கு ஒரு பெருமை.
என்னுடையது முப்பது.
ஐந்து பாருக்கும் குறைவு.
"இது டயரா தலையணையா, காத்லேன்?"
நாலு வருடமாக ஒரே கேள்வி,
கேட்கிறவனுக்கு இன்னும் அலுக்கவில்லை.

ஞாயிறு சவாரி முடிந்தால்
காப்பிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடிப்பான்.
சுண்டுவிரலும் மோதிரவிரலும்
இன்னும் சாலையிலேயே இருக்கும்.
அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை.

மார்ச் மாதம், மழை விட்ட ஒரு காலை,
பந்தயம் வைத்தோம்.
ஒரே சைக்கிள், என்னுடையது;
ஆசனத்தை மட்டும் அவன் காலுக்கு உயர்த்தினோம்.
ஒரே ஆள், அவன்.
சக்கரங்கள் மட்டும் இரண்டு ஜோடி.
மேட்டிலிருந்து பெடல் மிதிக்காமல் இறங்க வேண்டும்.
தானாக நிற்கிற இடத்தில்
நான் சாக்பீஸால் கோடு போடுவேன்.

முதலில் ஆற்றங்கரைத் தார்ச்சாலை,
புதிதாகப் போட்டது, கன்னம் போல வழவழப்பு.
மெல்லிய டயர் ஒரு கை நீளம் முந்தியது.
"பார்த்தாயா" என்றான்.
பார்த்தேன். கோடும் போட்டேன்.

பிறகு கல் பாவிய இறக்கம்.
பீட்ரூட் வண்டிகள் சிந்திய சேறு இடுக்குகளில்.
மெல்லிய சக்கரத்தில் அவன் இறங்கி வந்தது
எனக்குக் கேட்டது, பார்ப்பதற்கு முன்பே:
சங்கிலி, பல், பாட்டில், எல்லாம் கடகடவென்று.
புயல் போல வந்தான்,
வந்து,
பன்றிப்பண்ணை வேலிக்கு இப்பால் நின்றுவிட்டான்.

அகலச் சக்கரத்தில் சத்தமே இல்லை.
தூங்கிக்கொண்டு வருவது போல வந்தான்.
வேலியைத் தாண்டினான்.
கோட்டைத் தாண்டினான்.
என்னையும் தாண்டி, திரும்பிப் பார்த்தபடியே,
பதினோரு தப்படி போய் நின்றான்.

"காற்று திசை மாறிவிட்டது."
மறுபடி.
"சாக்பீஸ் கோணல்."
மறுபடி.
மூன்றாம் முறை ஒன்றும் சொல்லாமல்
கையுறையைக் கழற்றி
விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தான்.

நான் சொல்ல நினைத்தது இவ்வளவுதான்:
இறுகிய டயர் ஒவ்வொரு கல்லுக்கும்
உன்னைத் தூக்கி இறக்குகிறது, லீவன்,
எண்பத்தோரு கிலோவை, கல்லுக்கு ஒரு தரம்.
அந்தக் கூலி உன் வேகத்திலிருந்துதான் போகிறது.
மெத்தென்ற டயர் கல்லைத் தன் வயிற்றுக்குள் வாங்கிக்கொள்கிறது,
நீ நேராகப் போகிறாய்.
இத்தனை வருடம் நீ வேகம் என்று நினைத்தது
வெறும் உதறல்.

சொல்லவில்லை.
சாக்பீஸ் ஒட்டிய விரலைக்
கால்சட்டையில் துடைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் புதுச் சக்கரத்தோடு
புது டயர் வாங்கி வந்தான்.
இருபத்தெட்டு.
"தலையணை உனக்கு. எனக்கு இது போதும்."
முப்பது வரை வர மனம் இல்லை,
அந்த இரண்டு மில்லிமீட்டரில் அவன் மானம் இருந்தது.

அவன் உள்ளே காப்பி போடப் போனபோது
பட்டறைக் காலிப்பரை எடுத்து
டயரின் தோளில் வைத்துப் பார்த்தேன்.
பக்கவாட்டில் அச்சிட்ட எண் இருபத்தெட்டு.
அகலமான விளிம்பில் காற்று ஏறியதும்
அது ஊதியிருந்தது,
முப்பது புள்ளி ஒன்று.

காலிப்பரை மூடிப் பைக்குள் வைத்தேன்.
ஒரு கையில் கோப்பையோடு வெளியே வந்தான்.
"எப்படி இருக்கிறது?" என்றான்.
"ஒல்லியாக இருக்கிறது" என்றேன்.