மூன்று இறக்கை

பழவூர் தாண்டி எங்கள் பனைவிளையில்
குத்தகைக்கு நிற்கிறது காற்றாலை.
கோபுர உச்சி எண்பது மீட்டர்: அதுதான் நடுக்கோடு.
இறக்கை நாற்பது: வீச்சு.
எண்பது கூட்டல் நாற்பது சைன் தீட்டா என்று
தீர்வை ரசீதின் முதுகில் எழுதினேன்.

ஆனியில் நாலு நொடிக்கு ஒரு சுற்று,
காற்று செத்த ஐப்பசியில் எட்டு.
அலை பக்கவாட்டில்தான் நீளும், சுருங்கும்;
மேலே ஒரு சாண் கூடாது.

கொசைன் வேறு ஆளில்லை,
கால் சுற்று முந்தி எழுந்த சைன்.
சுயம்பு அண்ணன் அப்படி:
குத்தகைப் பணம் வரும் தேதியில்
முதல் பஸ்ஸில் இறங்கிவிடுவான்.
பொன்னிசக்கி அக்கா மதியம்.
நான் நோட்டோடு கடைசி.

நூற்றிருபது பாகை தள்ளித் தள்ளி
மூன்று இறக்கைக்கும் வரைந்து
மூன்று சைனையும் கூட்டினேன்.
எந்த நொடியில் கூட்டினாலும்
பூஜ்யம்.
ஒருத்தர் உச்சியில் இருந்தால்
மற்ற இருவரும் பாதிப் பாதி
தாழ்ந்திருக்க வேண்டும்.
அவர்களிடம் சொல்லவில்லை.

நேற்று பழுது பார்க்க நிறுத்தியிருந்தார்கள்.
ஒன்று நேர் மேலே,
இரண்டு கீழே சாய்ந்து.
அக்கா கண்ணுக்குக் கை கொடுத்துப் பார்த்தாள்:
"மேல நிக்கது யாருல?"

காத்து வரட்டும், சொல்லுதேன் என்றேன்.