சுண்டுக்குள் பெருவிரல்

மல்லாவி நூலகத்துக்கு அந்த நாவலில் ஒரு பிரதிதான் வந்தது.
இப்போது முதுகு உடைந்து
ஏழாம் அத்தியாயத்தில் தானாகவே திறக்கிறது.

நிவாரண அரிசி அளக்கிறான் ஒருவன்.
சுண்டுக்குள் பெருவிரலை விட்டு அளக்கிறான்.
குடும்பத்துக்கு ஒரு பெருவிரல் அரிசி குறையும்.
பொழுதுபட அந்தப் பெருவிரல்களெல்லாம் சேர்ந்து
அவன் மகளுக்குக் கஞ்சியாகும்.
செல் விழுந்த அன்று
ஆரோ ஒருத்தியின் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியதும் அவன்தான்.
இரண்டையும் ஒரே பந்தியில் எழுதிவிட்டு
அடுத்த பந்தியில் மழைக்குப் போய்விடுகிறார் எழுத்தாளர்.

அதுதான் ஆட்களுக்குப் பொறுக்கவில்லை.

பழைய சங்கக்கடை முகாமையாளர் நவரத்தினராசா
மூன்றாம் நாளே புத்தகத்தோடு வந்து நின்றார்.
"தங்கச்சி, இவருக்கு ஆர் சொன்னது?
நான் குவிச்செல்லோ அளந்தனான்."
நான் ஒன்றும் கேட்டிருக்கவில்லை.
வெயிலுக்குள் சைக்கிளை உருட்டிக்கொண்டே போனார்,
ஏறாமல்.

ஓட்டோக்காரக் குகசீலன் சிரித்தான்:
"பெருவிரலோ! எங்கட வரிசையில முழுக் கையும் உள்ளுக்க."
இரண்டு நாள் பிந்தியதற்குத் தண்டம் பத்து ரூபாய்.
நூறை வைத்துவிட்டு மிச்சம் வாங்காமல் போனான்.
உயர்தரம் எடுக்கும் வினோஜா
கடைசி அத்தியாயத்தை இரண்டு தரம் தேடினாளாம்,
"அவனுக்கு ஒண்டுமே நடக்கேல்லையே, அக்கா."

நூற்று நாற்பத்து மூன்றாம் பக்க ஓரத்தில்
ஆரோ பென்சிலால்: பொய்.
அதற்குக் கீழே வேறொரு கை, நீல மையில்:
நீ நிண்டனியோ வரிசையில?
பதில் இல்லை.
தேத்தண்ணிக் கோப்பை வைத்த ஒரு வட்டம்.

மாசியில் எழுத்தாளர் வந்தார்,
வவுனியா பஸ், ஒன்றரை மணித்தியாலம் பிந்தி.
பதினொரு பேர். பிஸ்கட் நாலு பக்கற் வாங்கினேன்.
பற்றுச்சீட்டில் ஐந்து.

நவரத்தினராசா மடிப்புக் கலையாத சேட்டோடு எழும்பினார்.
"நீங்கள் அந்த வரிசையில நிண்டனீங்களோ?"
"இல்லை. நான் அப்ப கொழும்பில."
பிளாஸ்ரிக் கதிரைகள் அசைந்தன.
"அப்ப எப்பிடி?"

கண்ணாடியைக் கழற்றினார் எழுத்தாளர். துடைக்கவில்லை.
"அம்மா படுக்கையில கிடந்த வருசம்
ராவில எழும்பி அவவின்ர ஹோர்லிக்ஸை
ரெண்டு கரண்டி அள்ளித் தின்னுவன்.
பசியில்லை எனக்கு. நல்ல சம்பளம்.
போத்தலைக் குலுக்கி மட்டம் சரிசெய்து வைப்பன்."

மின்விசிறி பழுது என்பதால்
அந்த அமைதியில் ஒளிக்க ஒரு சத்தமும் இருக்கவில்லை.
நவரத்தினராசா இருந்தார்.
தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
பிறகு தன் பிஸ்கட் தட்டை
எழுத்தாளர் பக்கம் தள்ளிவிட்டார்.
அது என்ன அர்த்தமென்று கேட்டால்
சீனி வருத்தம் என்பார்.

நூலகப் புத்தகத்தில் எழுதக்கூடாது, விதி ஒன்பது.
அடுத்த நாள் அழிரப்பர் எடுத்தேன்.
'பொய்' போய்விட்டது.
நீல மை போகவில்லை.
மேலே ஒன்றுமில்லாமல் அந்தக் கேள்வி இப்போது
திறக்கிற ஆளைப் பார்த்துக் கேட்கிறது.
நான் மூடினேன். முதுகு உடைந்த புத்தகம்,
மறுபடி அங்கேயே திறந்தது.

நேற்று நவரத்தினராசா வந்தார்.
"அந்தப் புத்தகம் திரும்ப வேணும், பிள்ளை. இருக்கோ?"
"வெளியில போயிட்டுது, ஐயா," என்றேன்,
பதிவேட்டைப் புரட்டிப் பார்ப்பதுபோல் ஒரு புரட்டு.
மேசைக்குக் கீழே,
என் கைப்பைக்குள் இருந்தது அது.