எந்தப் பக்கம்

ஜனவரியில் மண்ணைத் தோண்ட முடியாது.
முந்தின இரவே
குழியளவு இரும்புப் பெட்டியொன்றைக் கவிழ்த்து
உள்ளே நெருப்பு மூட்டி
உறைந்த நிலத்தை இளக்க வேண்டும்.
அதற்கு முன் எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்:
எந்தப் பக்கம் பார்த்து?

கோதென்பர்க்கில்
தேவாலயத்துக்குப் போனவர், போகாதவர்,
வேறெங்கோ போனவர்
எல்லோருக்கும் ஆறடி அளப்பது திருச்சபை அலுவலகம்.
அதில் மூன்றாவது மேசை என்னுடையது.

லுண்டில் மூன்று வருடம் உலக மதங்கள் படித்தேன்.
"கடவுள் ஆள் எடுக்கிறாரா என்ன?" என்றார் அப்பா,
கார்த் தொழிற்சாலையில் கதவு மாட்டியவர்.
படிப்புக் கடனை இருபத்தைந்தால் வகுத்து
ரொட்டிப் பையின் மேல் எழுதிக் காட்டினார்.
கணக்கு சரிதான். இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

என்ன கற்றாய் என்றால்
நோன்புகளின் பட்டியல் மறந்துவிட்டது.
தீர்த்தங்கரர் இருபத்துநால்வரில்
நாலைந்து பேர் மிச்சம்.
மறக்காதது என் முதல் கட்டுரை.
"அவர்கள் நம்புகிறார்கள்" என்று
நாற்பத்தொரு இடத்தில் எழுதியிருந்தேன்.
பெயர் தெரியாத தேர்வாளர் ஒருவர்
நாற்பத்தொன்றையும் சிவப்பில் வட்டமிட்டு
ஓரத்தில் எழுதியிருந்தார்:
எவர்? எந்தத் தெருவில்? எந்த வருடம்?
கூடவே, தேர்ச்சி இல்லை.

செவ்வாய்க்கிழமை நெஜாத் வந்தான்.
மூக்குக் கண்ணாடியில் பனி.
இறந்தது தகப்பன், ராசிம்,
போரின்போது பொஸ்னியாவிலிருந்து
ஒரே ஒரு பெட்டியோடு வந்தவர்.
அவன் உட்காரும் முன்பே
நான் வரைபடத்தை விரித்துவிட்டேன்.
"நாளைக்கே அடக்கம் செய்துவிடலாம்.
வலப்பக்கம் ஒருக்களித்து,
முகம் தென்கிழக்கே, மெக்காவை நோக்கி."
என் குரலில் லேசாய் ஒரு மிடுக்கு,
படித்த கேள்வியே பரீட்சையில் வந்ததுபோல.

அவன் சிரித்தான்,
அழுகைக்கு அடுத்த வீட்டுச் சிரிப்பு.
"அப்பா கட்சிக்காரர்.
நோன்பு மாதத்தில் பிளம் சாராயம் குடித்தவர்.
இருபது வருடம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார்.
கடலைப் பார்க்க வையடா என்று சொல்லியிருக்கிறார்.
மேற்கே."

நாற்பத்திரண்டாவது வட்டம்
என் நெற்றியில் விழுந்தது.
தென்கிழக்கை அழித்தேன்.
ரப்பர் தூளை ஊதிவிட்டு
மேற்கு என்று எழுதினேன்.

மாலை நாலு மணி. வெளியே இருட்டியாயிற்று.
தொலைபேசியில் தணிந்த ஒரு குரல்,
பின்னால் காப்பி பொங்கி
அடுப்பில் சிந்தும் சீறல்.
"இல்வா என்பது நீங்கள்தானே?
நான் ராசிமின் மனைவி, ஹாய்ரா.
மகனிடம் சொல்ல வேண்டாம்.
கடைசி மூன்று மாதம், ராத்திரி,
என்னைச் சத்தமாகத் தொழச் சொல்லிவிட்டு
கேட்டபடி படுத்திருப்பார்.
கேலி இல்லை. ஒரு வார்த்தை குறுக்கே இல்லை.
அதற்கு என்ன அர்த்தம்?
நீங்கள் இதைப் படித்தவராமே."

மூன்று வருடப் படிப்பும்
நாக்கு நுனியில் வந்து வரிசையில் நின்றது.
மரணத்துக்கு முந்திய திரும்புதல், அதற்கு ஒரு கலைச்சொல்,
அந்தச் சொல்லை மறுக்கும் இன்னொரு சொல்.
எல்லாவற்றையும் உட்காரச் சொன்னேன்.

"எந்த அறையில் படுத்திருந்தார்?" என்று கேட்டேன்.
"கட்டில் எந்தப் பக்கம் பார்த்திருந்தது?"

அடுப்பை அணைக்கும் சத்தம்.
நாற்காலி இழுபடும் சத்தம்.
பிறகு பேசத் தொடங்கினாள்:
கட்டிலிலிருந்து அல்ல,
ஒரு பாலத்திலிருந்து, அவர் கடன் வாங்கிய சைக்கிளிலிருந்து,
கல்யாணத்தன்று பெய்த ஆலங்கட்டி மழையிலிருந்து.

இரும்புப் பெட்டியை வண்டியில் ஏற்றியிருந்த ஓலோஃப்
ஜன்னலைத் தட்டினான்.
கண்ணாடிக்கு வெளியே உதடு மட்டும் அசைந்தது:
எந்தப் பக்கம்?

பென்சிலைக் கீழே வைத்துவிட்டு
பொறு என்று கை காட்டினேன்.