மறு ஆய்வுக்கு வரவும்

மார்த்தாண்டத்தில், ரப்பர் மரங்கள் முடிகிற மைதானத்தில்
பிரேக் இன்ஸ்பெக்டர் குனிந்து பார்க்கிறார்
என் எண்பத்திரண்டு மாடல் ஃபியட்டின் அடிவயிற்றை.

டார்ச்சால் தட்டுகிறார்.
காப்பிப்பொடியாய் உதிர்கிறது துரு.
"கடலோரமோ?"
"முட்டம், சாரே."
அதற்குமேல் அதைப்பற்றி அவர் கேட்கவில்லை.

ஸ்டியரிங்கில் நாலு விரல் ஆட்டம்.
கிங் பின் தேய்மானம்.
பின்சக்கர சிலிண்டரில் கசிவு.
கிளச்சுக்குக் கீழே உள்ளங்கை அகலம் ஓட்டை.
அது எனக்குத் தெரியும்.
திங்கள்சந்தையில் மழை பெய்தால்
முதலில் அறிவது என் இடது குதிகால்தான்.

வலதுபக்கக் கதவு உள்ளிருந்து மட்டுமே திறக்கும்.
அதைக் குறையில் சேர்க்காதீரும் என்றேன்,
திருடனுக்கும் அதே பாடுதானே.
சேர்த்துவிட்டார்.

ஹாரன்?
அழுத்தினேன். மூச்சில்லை.
இடதுபக்கம் ஒடித்தேன்,
ஊரைக் கூட்டியது.
அவர் பேனா கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்று
பிறகு "சரி" என்று எழுதியது.

கடைசியாகக் கைபிரேக்.
சரிவில் ஏற்றி நிறுத்தச் சொன்னார்.
இழுத்துவிட்டு எண்ணினேன்,
ஒன்று, இரண்டு,
மூன்றில் வண்டி பின்னால் நடக்கத் தொடங்க
கல்லோடு காத்து நின்ற மெக்கானிக் பெர்வின்
டயருக்கு அணை வைத்தான்.

"இது என்னது?"
"கல்லு, சாரே. பதினோரு வருசமா இதுதான் பிடிக்கு."

படிவத்தில் கல்லுக்குக் கட்டம் இல்லை.
முப்பது நாளில் மறு ஆய்வு என்று
முத்திரை குத்தி பானட்டில் வைத்தார்.

காற்றில் காகிதம் பறக்கப் பார்த்தது.
மேலே வைக்க ஒரு கல் தேடினேன்.
இருந்த ஒன்றோ
டயருக்கடியில்
வேலையாக இருந்தது.