இனிஷியல்

என் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து இருக்கிறது.
அ. ஒரு புள்ளி. பிறகுதான் பூவரசன்.
எந்தப் பந்தயத்திலும் அது
ஒரு கார் நீளம் எனக்கு முன்னால்.

அ என்றால் அம்சவேணி.
ஏற்காட்டு மலைப்பாதையை, இருபது கொண்டை ஊசி வளைவையும்,
மழை பெய்த மறுநாள் காலையில்
கடன் வாங்கிய டயரில் ஏறி முடித்தவள்.
எத்தனை நிமிடம் என்று கேட்டால்
அஸ்தம்பட்டியில் ஒரு கணக்கு, செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கணக்கு;
ஆண்டுக்கு இரண்டு வினாடி குறைந்துகொண்டே வருகிறது.
"உங்கம்மா பிரேக்கே மிதிக்க மாட்டாங்க" என்பார்
பஞ்சர் ஒட்டுகிறவர், டியூபைத் தண்ணீரில் முக்கியபடி.
அவரும் அன்று அங்கே இல்லை.

பள்ளியில் சேர்த்த நாளில்
தகப்பனார் பெயர் என்ற கட்டத்தில்
ஒரு கோடு இழுத்துவிட்டுக்
கீழே கையெழுத்துப் போட்டாளாம்.
அந்தக் கோட்டைப் பற்றி நாங்கள் பேசியதில்லை.

பதினோரு வயதில் கோயம்புத்தூரில் கார்ட்.
பதினெட்டில் சென்னைக்கு வெளியே, உருகும் தார்.
நான்காவது, ஆறாவது, நான்காவது,
கியர்பாக்ஸ் போனது,
ஒரே ஒருமுறை மூன்றாவது.
அன்று மைக்கில் சொன்னார்கள்:
அம்சவேணி அவர்களின் புதல்வர்!
முதலில் வந்தவனுக்கு
வெறும் பெயர் மட்டும்தான் இருந்தது.
பொறாமைப்பட்டேன், கோப்பைக்காக அல்ல.

ஸ்பான்சர் கேட்டு ஆத்தூர் ரோட்டில்
ஜவ்வரிசி ஆலை முதலாளியிடம் போனேன்.
களமெல்லாம் வெள்ளையாய்க் காய்ந்து கண் கூசியது.
என் லேப் டைம் தாளை
மூக்குக் கண்ணாடி போடாமலே படித்தார்.
"அம்மாவ ஒருநாள் கூட்டிட்டு வாங்க தம்பி,
ஒரு போட்டோ எடுத்துக்கலாம்."
அம்மா வந்தாள். மோர் குடித்தாள். சிரித்தாள்.
இரண்டு சீசன் என் கதவில்
ஜவ்வரிசி ஓடியது.

முப்பத்துநான்கில் நிறுத்தினேன்.
யாரும் காரணம் கேட்கவில்லை, அவளும்.
இப்போது உருக்காலை போகிற வழியில் பிரேக் பேட் கடை.
பெயர்ப்பலகையில் அந்த அ-வைப்
பெயின்டர் பூவரசனைவிடப் பெரிதாக எழுதிவிட்டான்.

போன கார்த்திகையில், காப்பிக்காய்க் கணக்கு முடித்து
இருட்டிய பிறகு இறங்கினோம். பழைய ஜீப்.
எதிர் வெளிச்சம் பூப்பூவாய்த் தெரிகிறது என்று
சாவியை என் கையில் வைத்தாள்.
கண்புரை. டாக்டரிடம் போன மாதமே
போய் வந்திருக்கிறாள், தனியாக.
என் இடப்பக்கத்தில் அவள் உட்கார்ந்தது
அதுதான் முதல் தடவை.

இருபது. பத்தொன்பது. பனி.
பதினாறில்தான் கவனித்தேன்:
அவள் வலதுகால் வெறும் தகரத்தை மிதித்தது,
நான் மிதிப்பதற்கு முன்பே,
வளைவுப் பலகைக்கு இரண்டு வெள்ளைக்கல் முன்பே,
மெதுவாக, முழுதாக.
திரும்பத் தொடங்கும்போது கால் எழுந்துவிட்டது.
பதினைந்திலும் அப்படியே.
பதினான்கிலும்.

பயமா. வயதா. கண்ணா.
இல்லை, அன்றும் இப்படித்தானா?
ஊர் மிதிக்க விடாத பிரேக்கை
இருபது தடவையும் மிதித்துத்தான் ஏறினாளா?
பஞ்சர்க்காரர் சொன்ன அம்மாவைத் துரத்தி
இருபத்துமூன்று வருடம்
ஒவ்வொரு வளைவிலும் நான்
தாமதமாய் மிதித்துக்கொண்டிருந்தேனா?

கேட்கவில்லை.
பதினொன்றில் ஒரு பஸ் ஏறி வந்தது, ஒதுங்கி நின்றோம்.
"கண்ணாடிய ஏத்து, குளிருது" என்றாள்.

அடிவாரம் செக்போஸ்ட்.
மப்ளர் சுற்றிய பையன், இருபது வயதிருக்கும்.
டார்ச்சை என் முகத்தில் அடித்தான், பிறகு அவள் முகத்தில்.
இரண்டும் அவனுக்கு ஒன்றுதான்.
வண்டி நம்பர்.
பேரு?
பூவரசன்.
இனிஷியல்?

அ, என்றேன்.
பேனா எழுதவில்லை. உதறினான்.
நோட்டை முழங்காலில் வைத்து அழுத்திப் போட்டான்.
சுழி விழவில்லை, வளைவும் விழவில்லை.
கடைசியில் இறங்கும் நேர்கோட்டில் மட்டும்
மை பிடித்தது.
"போதும் சார், போங்க."