பதினோரு எட்டு

பீன்யா லேத் பட்டறை. நான்கு வருட வழக்கு.
இந்த அறையில் ருத்ரேஷ்,
அந்த அறையில் தணிகைவேல்.
நடுவே பதினோரு எட்டு.
நடப்பது என் வேலை.

நாற்பத்திரண்டு லட்சத்தை எடுத்துப் போனேன்,
முப்பத்தொன்றாய்க் கொண்டு வந்தேன்.
வழியில் எங்கும் சிந்தவில்லை.

மூன்றாம் காபியில்
முப்பத்தாறரைக்கு இறங்கி வந்தார்கள்,
இருவருக்கும் கசந்தது, ஆகவே சரி.

கையெழுத்துப் போடக் குனிந்தவர் நிமிர்ந்து
"சிண்டு யாருக்கு?" என்றார் ருத்ரேஷ்.
வழக்குக் கட்டின்
எந்தப் பக்கத்திலும் நாய் இல்லை.

பதினோரு எட்டு.
தணிகைவேல் பேனாவை மூடினார்.
"இடி இடிச்சா ட்ரில் மெஷினுக்கு அடியில போய்ப் படுத்துக்கும்.
இழுக்கக் கூடாது.
அவனுக்குத் தெரியுமான்னு கேளுங்க."

இந்த முறை நான் நடக்கவில்லை.
இரண்டு கதவையும்
திறந்துவைத்தேன்.